எட்டுச் சுற்று

காலை ஐந்து நாற்பதுக்கு அக்கா குதிரைமேல் ஏறினாள். பயிற்சி மைதானத்தில் யாரும் இல்லை. முந்தின மாலையே மணலைச் சமன் செய்திருந்தார்கள். ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.

கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஏறலாம். கடிவாளத்தைத் தளர விட்டு நடத்தலாம். அதற்கு மேல் கூடாது. போட்டிக் குதிரைகள் லாயத்துக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து திரும்பிப் போகும்வரை, போட்டியில் சவாரி செய்பவர் மட்டுமே பயிற்சி கொடுக்க வேண்டும். வேறு ஆளைப் பயிற்சி கொடுக்க விட்டால் அந்தச் சவாரிக்காரர் வெளியே. விதியை லாயத்துக் கதவில் ஒட்டியிருந்தார்கள். கீழே அக்காவின் கையெழுத்து, அதற்கும் கீழே தங்கையின் கையெழுத்து.

வீட்டில் இந்த விதி கிடையாது. ஒன்பது வருடமாக தினமும் காலையில் அக்கா பத்து நிமிடம் துரைமேல் உட்கார்ந்து வந்தாள். துரை என்பது குதிரைக்கு அவள் வைத்த பெயர். போட்டிப் பட்டியலில் அவனுக்கு மூன்று சொல்லில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்க மாட்டான். காலையில் அவனுக்கு முதுகு இறுகிக் கிடக்கும். அக்கா டிராட்டில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே உள்ள துள்ளோட்டத்தில், சில சுற்று விடுவாள். முதுகு இளகியதும் இறங்கிவிடுவாள். அப்புறம் தங்கை ஏறுவாள். அக்கா செய்வதை யாரும் சவாரி என்று சொன்னதில்லை. அடுப்பு மூட்டுவது மாதிரி அது.

ஒரு காலத்தில் இருவருமே போட்டியில் இறங்கியவர்கள். துரை வந்தபோது அவனுக்கு நாலு வயது. தேர்ந்தெடுத்தது அக்கா. இரண்டு பேர் மாறி மாறி ஏறினால் குதிரை குழம்பும் என்றார் பயிற்சியாளர். தங்கை உயரம், கால் நீளம். கறுப்புக் கோட்டு அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று குதிரையின் சொந்தக்கார அம்மாள் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது; போட்டி தங்கைக்கு, பராமரிப்பு அக்காவுக்கு. பயிற்சியாளர் அடுத்த வருடம் தங்கையின் கணவரும் ஆனார்.

இங்கே வந்து ஆறு நாள் விதிப்படிதான் இருந்தார்கள். தங்கை முதல் கட்டத்தைத் தாண்டினாள், இரண்டாவதையும் தாண்டினாள். பதினெட்டுப் பேர் மிஞ்சினார்கள். மறுநாள் மதியம் தனிநபர் இறுதிப் போட்டி. ஓட்டப்பந்தயம் இல்லை, இசைக்கு ஏற்பக் குதிரை செய்ய அவரவர் வகுத்துக்கொண்ட அசைவுகள், ஏழு நடுவர்கள், ஆறு நிமிடம்.

அன்று காலை ஐந்து பத்துக்கு அக்காவின் போனுக்குத் தங்கையின் குரல் செய்தி வந்தது.

“அக்கா, முதுகு பிடிச்சுக்கிச்சு. செருப்புகூடப் போட முடியல. நீயே ஏறி ரெண்டு சுத்து டிராட்ல விட்டுடு. இந்த நேரத்துல யாரு வரப்போறா? இவன் நாளைக்கு இறுகிப்போய் நின்னா நான் செத்தேன்.”

அக்கா அதை ஒரு தரம்தான் கேட்டாள்.

முதல் சுற்றில் துரை பலகைபோல இருந்தான். இரண்டாவதிலும் அப்படித்தான். அங்கே இறங்கியிருக்கலாம். மூன்றாவதில் முதுகு மேலே வந்தது. அவள் எட்டுச் சுற்று விட்டாள். எட்டாவது முடிகிற மூலையில் அவன் தானாகவே வேகத்தைச் சுருக்கி, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தான். அதற்குப் பியாஃப் என்று பெயர். நடுவர்கள் அதற்குத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார்கள். அவள் கேட்கவில்லை, அவன் கொடுத்தான். பதினோரு அடி எண்ணினாள். அப்புறம் கழுத்தில் தட்டிவிட்டு இறங்கினாள்.

எட்டு மணிக்குத் தங்கை லாயத்துக்கு வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தீவனப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அக்கா அவள் சட்டையைத் தூக்கி, குதிரைக்குப் போடும் தைலத்தை இடுப்பில் தேய்த்தாள்.

“எரியுதுக்கா.”

“எரியட்டும். துரை இதுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.”

தங்கை சிரிக்கவில்லை. அக்கா வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றாள். எத்தனை சுற்று விட்டாய் என்று கேட்டாள். எட்டு என்றாள் அக்கா. தங்கை மெல்லுவதை நிறுத்தினாள். எட்டா என்றாள். பிறகு மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தாள். துரையின் மூக்கைத் தடவினாள். போனை எடுத்துக்கொண்டு நடைகூடத்தின் கோடிவரை போய், திரும்பி வராமல் அப்படியே வெளியே போய்விட்டாள்.

பக்கத்து லாயத்துக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஜடை என்று பட்டப்பெயர். முப்பது வருடமாகக் குதிரைகளுக்குப் பிடரி பின்னுகிறவர். அவர் தலையில் ஒரு முடி கிடையாது.

“உன் தங்கச்சி முகமே சரியில்லையேம்மா.”

“முதுகு வலி.”

“முதுகு வலிக்கு முகம் அப்படிப் போகாது” என்றார்.

ஒன்பதரைக்குத் தங்கையின் கணவர் வந்தார். அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்றார். காலையில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அக்காவின் கை தானாகப் போய்த் துரையின் கழுத்தில் நின்றது.

“பயப்படாதீங்க அண்ணி. நீங்க அதிகம் பேச வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்.”

லாயத்திலிருந்து அலுவலகத்துக்கு முந்நூறு அடி இருக்கும். அந்தத் தூரத்துக்குள் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். தங்கைக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடுவது. வீட்டுப் பழக்கத்தில் நானாக ஏறிவிட்டேன், புத்தி கெட்டுப்போச்சு என்று சொல்வது. சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பொய் மாதிரி இல்லை. புத்தி கெட்டது உண்மைதான்.

அலுவலகம் ஒரு தகரப் பெட்டி. நீள மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக் குழுவினர் மூன்று பேர். நடுவில் ஒரு பெண், அவர்தான் தலைவி. சுவரோரம் லாயத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் நின்றிருந்தார். தங்கை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம் மடியில் இருந்தது. அக்காவுக்கு நாற்காலி அவள் பக்கத்தில் இல்லை, எதிர் ஓரத்தில் போட்டிருந்தது.

கண்காணிப்பாளர் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். படம் எடுத்தவர் தன்னார்வலராக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கொடிக்கம்பங்களைச் சரிபார்க்க சீக்கிரம் வந்தவர். குற்றம் கண்டுபிடிக்க எடுக்கவில்லை. பார்க்க அழகாக இருந்ததாம். ‘காலையில் ஒரு கவிதை’ என்று எழுதிப் போட்டிருந்தார். ஆறரை மணிக்குள் ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் யாரோ ஒருவர் குதிரையின் தலைக்கயிற்றில் தொங்கிய எண்ணைப் படித்திருந்தார்.

அக்கா திரையைப் பார்த்தாள். தான் சவாரி செய்வதை அவள் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவளைப் படம் எடுத்ததில்லை. குதிகால் சரியாக இருந்தது. கை அசையவில்லை. மூலையில் துரை பியாஃப் எடுத்தபோது, சுவரோரம் நின்ற கண்காணிப்பாளர் தன்னையறியாமல் தலையை ஆட்டினார்.

குழுத்தலைவி ஒரு தாளை எடுத்தார். சவாரிக்காரர் எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டார் என்றார். வாசித்தார்.

‘என்னிடம் பணிபுரியும் பராமரிப்பு ஊழியர் இன்று காலை என் அனுமதியின்றியும் எனக்குத் தெரியாமலும் குதிரைமீது ஏறிப் பயிற்சி கொடுத்துள்ளார். இவ்வாறு செய்யக் கூடாது என்று இங்கு வந்த பிறகு அவரை இரண்டு முறை எச்சரித்திருக்கிறேன். அவருடைய பணியை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்து. தேதி. நேரம்: காலை ஏழு இருபது.

அக்கா கணக்குப் போட்டாள். ஏழு இருபது. தைலம் தேய்த்தது எட்டுக்கு. ரொட்டியைப் பிய்த்தது எட்டே காலுக்கு.

அவள் சொல்ல வந்த பொய்தான் அது. கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை. அனுமதி இல்லை, தெரியாது. அதை அவளே கொடுத்திருப்பாள். ஊழியர் என்பதைக்கூட விட்டுவிடலாம், தாளில் அக்கா என்று எழுத முடியாது. அந்த இரண்டு முறை எச்சரிக்கை மட்டும் அவள் கணக்கில் வரவில்லை.

நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவி கேட்டார். குரல் கடுமையாக இல்லை.

அக்கா பையிலிருந்து போனை எடுத்தாள். எதற்காக எடுத்தாள் என்று அப்போதும் அவளுக்கு முழுதாகத் தெரியாது. தங்கையின் பெயரைத் தொட்டாள். ஐந்து பத்து என்று நேரம் இருந்தது. அதற்கு எதிரே, இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று இருந்தது. மேலே பழைய செய்திகளெல்லாம் அப்படியே இருந்தன. வைக்கோல் வந்துவிட்டதா. லாடம் அடிப்பவர் எத்தனை மணிக்கு. சாப்பிட்டாயா அக்கா.

அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தலைக்கவசத்தின் வாரை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் திரை போட்டிருந்தது.

போனைப் பைக்குள் வைத்தாள்.

“ஏறினது நான்தாங்க” என்றாள். “அவ்வளவுதான்.”

குழு பத்து நிமிடம் பேசியது. சவாரிக்காரருக்கு எச்சரிக்கை, போட்டியில் தொடரலாம். பராமரிப்பு ஊழியருக்கு இரண்டு வருடம் எந்தப் போட்டி லாயத்துக்குள்ளும் அனுமதி இல்லை. பன்னிரண்டு மணிக்குள் வெளியேற வேண்டும். துரைக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடத்தில் அவன் போட்டியை விட்டு ஓய்வுக்குப் போய்விடுவான். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

கண்காணிப்பாளர் அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கேட்டு வாங்கி, கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினார். அட்டை தடிமன். இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தது.

வெளியே தங்கையின் கணவர் அவள் கூடவே நாலு அடி வந்தார்.

“இப்போதைக்கு இப்படி இருக்கட்டும் அண்ணி. எல்லாம் அடங்கட்டும். நீங்களும் வெளிய, அவளும் வெளியன்னா யாருக்கு என்ன லாபம்? சொல்லுங்க.”

“கேட்டிருக்கலாமே தம்பி.”

“நேரமில்ல அண்ணி” என்றார். தங்கை அதற்குள் குதிரை மருத்துவரைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்காவின் சாமான் ஒரு பையில் அடங்கியது. காவலர் ஒருவர் கதவருகே நின்றார். பிரஷ்கள் அவளுடையவை, எடுக்கலாம். கால்கட்டுத் துணிகள் குதிரையுடையவை, எடுக்கக் கூடாது. அவற்றை அவள்தான் தைத்தாள், ஆனால் அதைச் சொல்லவில்லை. துரை அவள் பையை மோந்து பார்த்தான். உள்ளே கேரட் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அது அவர் செய்த மரியாதை.

ஜடை முழு விஷயத்தையும் அதற்குள் கேட்டிருந்தார். லாயத்தில் சுவர்கள் தோள் உயரம்தான். தரையில் துப்பிவிட்டு, காலால் தேய்த்தார்.

“தானாடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. இங்க குதிரை மட்டும்தான்மா ஆடுது.”

நாளைக்குத் துரைக்குப் பிடரி பின்னித் தர முடியுமா என்று அக்கா கேட்டாள். பின்னலாம், ஆனால் உன் தங்கைக்காக இல்லை என்றார். தங்கைக்காகக் கேட்கவில்லை என்றாள் அவள். இடது பக்கத்தில் அவனுக்குக் கூச்சம், பின்னும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னாள். என்ன பேசுவது என்று அவர் கேட்டார்.

“எதுவா இருந்தாலும் பரவாயில்ல. திட்டினாக்கூடக் கேட்டுப்பான்.”

பராமரிப்பவர்கள் தங்கும் விடுதியும் வாசலுக்கு உள்ளே இருந்தது. அதனால் அன்றிரவு அவள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தாள். கீழே சலவைக் கடை. மறுநாள் மதியம், உடுப்பெல்லாம் லாயத்து வாடை அடிக்கிறது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினாள். அங்கே டிவி இருந்தது.

இயந்திரங்களின் இரைச்சலில் டிவியின் ஒலியை அடைத்து வைத்திருந்தார்கள். கூட்டச் சொல்லலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. இசை அவளுக்கு மனப்பாடம். அதைக் கோத்ததே அவள்தான், துரையின் காலடியை நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணி, ஒரு சமையலறை மேசையில் உட்கார்ந்து, மூன்று மாதம்.

வாசலில் துரை தெரிந்தான். பிடரி நேர்த்தியாக இருந்தது. பதினைந்து முடிச்சு. வாலில் சுற்றிய துணியைத் தங்கையின் கணவர் அவிழ்த்தார். முடிச்சு சிக்கி, தடுமாறி, கடைசியில் பல்லால் இழுத்தார். தங்கை நேராக உட்கார்ந்திருந்தாள். முதுகு வலிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே வந்து, நடுவில் நிறுத்தி, தலை குனிந்து வணங்கினாள்.

சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அது தானா ஆடுதா, இல்ல அந்தம்மா ஆட்டி வைக்கிறாங்களா?”

“தெரியலீங்க” என்றாள் அக்கா.

அவள் விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நீண்ட டிராட் சுத்தமாக வந்தது. பாய்ச்சலில் ஒவ்வோர் அடிக்கும் கால் மாற்றுவது பதினைந்து முறை, ஒன்றும் பிசகவில்லை. முதல் பியாஃப். தங்கையின் வலது தோள் முன்னால் போயிற்று. இசையில் இன்னும் நாலு அடி இருக்கும்போதே துரை முன்னால் நகர்ந்துவிட்டான். அக்காவின் முழங்கால் அவளை அறியாமல் அழுந்தியது. தங்கை அவனைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது பியாஃப் கோட்டின் நடுவில், நடுவர்களுக்கு நேர் எதிரே. அது வந்தது. பதினோரு அடி. பன்னிரண்டு. காமிரா அவன் கால்களை மட்டும் காட்டியது.

முடிந்ததும் தங்கை அவன் கழுத்தில் குனிந்து கட்டிக்கொண்டாள். மதிப்பெண் வந்தபோது பெரியவர் கைதட்டினார். அக்காவின் இயந்திரம் சுற்றி முடித்து நின்றிருந்தது. அவள் எழுந்து போய் ஈரத்துணியை எடுத்தாள். இன்னும் நாலு பேர் மிச்சம் இருந்தார்கள். அவள் எல்லாரையும் பார்த்தாள். கடைசியில் தங்கை மூன்றாவது இடத்தில் நின்றாள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. அக்கா அறையில் ஈரத்துணிகளை நாற்காலிமேல் விரித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியாக்கா?”

“பாத்தேன்.”

“மூணாவது.”

“தெரியும்.”

தங்கை கொஞ்சம் மூச்சு விட்டாள். பின்னணியில் வாளி உருளும் சத்தம் கேட்டது. கோபமா இருக்கியா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை என்றாள். காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி, அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். எழுதியதைப் படித்துவிட்டு அவள் கணவர், இது போதாது, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருக்க வேண்டும் என்றாராம். எட்டு மணிக்கு லாயத்துக்கு வந்ததே சொல்லத்தானாம். தைலம் தேய்த்ததும் வாய் வரவில்லையாம். அப்புறம் அக்கா எட்டுச் சுற்று என்று வேறு சொல்லிவிட்டாளாம்.

“ரெண்டுன்னு சொன்னேன். நீ எட்டு விட்ட. ரெண்டோட இறங்கியிருந்தா அந்தம்மா படமே எடுத்திருக்க மாட்டாங்க.”

அக்கா ஒரு காலுறையைப் பிழிந்து விரித்தாள். அது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

“எதுக்குக் கூப்பிட்ட?” என்று கேட்டாள்.

தங்கையின் குரல் இறங்கியது.

“துரை சாப்பிடலக்கா. நேத்து பாதி வெச்சுட்டான். இன்னிக்குப் போட்டி முடிஞ்சதுலேர்ந்து வாயே வைக்கல. டாக்டர் வயித்துல ஒண்ணுமில்லங்கறாரு. என்ன பண்றதுன்னு தெரியல.”

அக்கா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொட்டியைக் கொக்கியில் மாட்டியிருக்கிறாயா என்று கேட்டாள். ஆமாம். கழற்றித் தரையில் வை. தீவனத்தில் வெந்நீர் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடு. உப்பு ஒரு சிட்டிகை. கேரட்டை நறுக்காதே, முழுசாகப் போடு. எல்லோரையும் வெளியே அனுப்பு, உன் வீட்டுக்காரரையும் சேர்த்து. நீ மட்டும் உள்ளே போய் அவனுக்கு முதுகைக் காட்டி நில். பார்த்துக்கொண்டு நின்றால் சாப்பிட மாட்டான்.

தங்கை போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். அக்கா காதிலிருந்து எடுக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாள். தண்ணீர். யாரையோ போகச் சொல்லும் தங்கையின் குரல். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வைக்கோலில் ஒரு அசைவு. தொட்டி தரையில் உரசியது. மெல்லும் சத்தம், முதலில் விட்டு விட்டு, அப்புறம் ஒரே சீராக.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை போனை எடுத்தாள். கிசுகிசுத்தாள்.

“சாப்பிடறான்கா.”

“கேக்குது.”

“நீ இல்லாம எப்படி இந்த ரெண்டு வருஷம்…” தங்கை மூக்கை உறிஞ்சினாள். பிறகு, வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், வீட்டில் எந்த விதியும் இல்லையே, காலையில் நீயே ஏறலாம் என்றாள். சொந்தக்கார அம்மாளிடம் அவளே பேசிக்கொள்வாளாம்.

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ரெண்டு தடவை எச்சரிச்சேன்னு எழுதியிருந்தியே. அது எந்த ரெண்டு தடவைடி?”